ஓடையில் கைகழுவ முடியாதவர்

ஓடைக்கு இறங்கும் வழியில் பெதாகேல் ஒருமுறை உட்கார்ந்துவிட்டார். வயதுதான் காரணம் என்று மற்ற மூப்பர்கள் நினைத்துக்கொண்டார்கள். முன்னால் இளங்கிடாரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் அவருடைய மருமகன் யாமின். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மோவாபிய உப்பு வியாபாரி ஒருவன் வயலோரத்தில் செத்துக் கிடந்தான். கொன்றது யாரென்று தெரியவில்லை. அளந்து பார்த்ததில் பிணத்துக்கு மிக அருகில் இருந்தது அவர்களுடைய ஊரான பெத்சூவால்தான் என்று வந்தது. நியாயப்பிரமாணத்தின்படி இனி அந்த ஊர் மூப்பர்கள் உழாத பள்ளத்தாக்கில் ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கர்த்தர் முன் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் ஊர்மேல் பழி இல்லை.

பெதாகேலுக்குத் தெரியும். கிணற்றடியில் தண்ணீருக்காக வாய்ச்சண்டை மூண்டதையும், யாமினின் தடி வியாபாரியின் நெற்றிப்பொட்டில் விழுந்ததையும், பிறகு அவன் பிணத்தை வயலுக்கு இழுத்துப் போனதையும் அத்திமரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் அவர். வீட்டில் மகள் மாக்காள் நிறைமாதம். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ராத்தூக்கம் இல்லை.

கிடாரி விழுந்தது. மூப்பர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவி, "இந்தச் சாவுல எங்களுக்குக் கையும் இல்ல, கண்ணும் இல்ல" என்றார்கள்.

பெதாகேலின் முறை வந்தது. அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து தீர்ந்தது. மறுபடி அள்ளினார்.

"என்ன பெதாகேலு, தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கா? சொல்லிட்டு வாய்யா, வெயில் ஏறுது," என்றார் மூப்பர் ஏலோன்.

"கை இல்லன்னு சொல்லிடுவேன். கண் இல்லன்னு சொல்ல முடியலய்யா."

ஏலோன் யாமினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒத்தைச் சாட்சி செல்லாது. உனக்குத் தெரியாததா? எதுக்கு உன் வீட்டுக்கு நீயே கொள்ளி வைக்கிற?"

"உங்க முன்னாடி செல்லாதுதான். கர்த்தருக்குச் சாட்சியே வேண்டாமே. அவருகிட்டப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, ஏலோன். உண்மையைச் சொல்லவும் தெம்பில்லாமத்தான் இத்தன நாள் கிடந்தேன்."

யாமின் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"அவரை விடுங்க. நான்தான் அடிச்சேன். சாகணும்னு அடிக்கல." பிறகு மாமனாரைப் பார்த்தான். "நீங்க பாத்துட்டீங்கன்னு அன்னைக்கே தெரியும் மாமா. இன்னைக்குப் பேசுவீங்க, நாளைக்குப் பேசுவீங்கன்னு காத்திருந்தே பாதி செத்துட்டேன்."

கைத்தவறாகக் கொன்றவர்கள் அடைக்கலம் புகும் பட்டணமான எப்ரோனுக்கு அவனைக் கொண்டுபோனார்கள். முன்பகை இல்லை, ஆத்திரத்தில் நடந்தது என்று அங்கே தீர்ப்புச் சொன்னார்கள். பிரதான ஆசாரியர் உயிரோடிருக்கும்வரை அவன் அந்த ஊர் மதிலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வியாபாரியின் உறவுக்காரர்கள் கொல்லலாம்.

பிள்ளை பிறந்து உடம்பு தேறியதும் மாக்காள் அவனிடம் புறப்பட்டாள். பெதாகேல் கழுதைமேல் மூட்டையைக் கட்டிக் கொடுத்தார்.

"எங்கிட்ட முதல்ல சொல்லிருக்கலாமேப்பா."

"சொல்லிருக்கலாம்மா."

"ஊரே கேட்டப்புறம்தான் நான் கேட்கணுமா?"

அவர் மூட்டையின் கயிற்றை மறுபடி இறுக்கினார். அவள் பிள்ளையைச் சற்று நேரம் அவர் கையில் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கழுதை வளைவில் மறைந்ததும் உள்ளே போய்ப் படுத்தார். படுத்ததுமே தூக்கம் வந்தது. அப்படி வந்ததில் அவருக்கு வெட்கமாக இருந்தது.