ஐம்பது நிமிடம் என்று எழுதியவர்கள்

“மாமா, உங்க வாட்ச்சைக் கழட்டிக் குடுங்க.”

கேட்டே விட்டாள். பயணத் திட்டம் போடும் இந்த வேலையில் சேர்ந்த அன்றைக்கு அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைத்தான். மாமாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், எவ்வளவு நேரத்தில் நடந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. கடலோரப் பாறைகளில் ஆட்களைக் கூட்டிப் போகும் கைடுகள் யாரிடமும் அதைக் கேட்கக் கூடாது. நேரத்தை அவர்களே எழுதித் தருவார்கள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாட்ச்சைக் காட்டு என்று கேட்டால், உன் பேச்சில் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

மாமா சிரித்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இந்தப் பயணக் கம்பெனியின் தலைமை கைடு. பாறைமேல் அவர் போகிற வேகத்தைப் பார்த்து எல்லோரும் ‘காற்று’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மணி தெரியணும்னா சுவத்துல கடிகாரம் இருக்கே, மருமகளே.”

“மணி தெரியும். போன மாசப் பயணத்துல மூணாம் நாள் எவ்வளவு நேரம் நடந்தீங்கன்னு அதுல பதிவாகியிருக்கும். அதுதான் வேணும்.”

மேசைக்குப் பின்னால் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவர் முன்னால் கிடந்தது பயணத் திட்டத் தாள். நான்கு நாள், மலைமுனையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, பாறையும் கடலுமாக நாற்பத்தோரு கிலோமீட்டர். ‘திட்டமிட்டவர்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக் காலையில் கிளம்பப் போகிற பதினோரு பேரும் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பஸ் பணிமனை ஊழியர்கள். தலைக்கவசத்தை மாட்டிப் பார்த்து ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மாடி வரைக்கும் வந்தது.

“ஏம்மா, இப்ப என்ன பிரச்சினை?” என்றார் முதலாளி. “கீழ பதினோரு பேரு காத்திருக்காங்க.”

“மூணாம் நாள்தான் பிரச்சினை. பாறைச்சுவருக்கு அடியில போற வழி.”

அந்த வழி அவள் பார்த்ததில்லை. வரைபடத்தில் விரல் வைத்து வைத்து அது அவளுக்கு மனப்பாடம். ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும் பாறை, மறுபக்கம் கடல். கடல் வற்றி விலகும்போதுதான் அங்கே வழி என்று ஒன்று இருக்கும். நடுவில் மேலே ஏற இடம் கிடையாது. போனும் எடுக்காது. தண்ணீர் திரும்பி வருவதற்குள் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

“அன்னைக்கு அது எழுபது நிமிஷம் திறந்திருக்கும். நீதானே கணக்குப் போட்டுக் குடுத்தே?” முதலாளி தாளைத் தட்டினார். “நடக்க அம்பது நிமிஷம். இருபது நிமிஷம் கையில இருக்கு. அப்புறம் என்ன?”

“எழுபது என் கணக்கு. அம்பது எங்கேர்ந்து வந்துச்சு?”

கையோடு கொண்டுவந்திருந்த தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியிலிருந்து இரண்டு நாளாகத் தோண்டி எடுத்தவை. ஒன்பது வருஷத்துத் திட்டத் தாள்கள். முதல் வருஷம் அந்த வழிக்கு ஒருவர் எழுதியிருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். அடுத்தவர் ஒன்று நாற்பது. அதற்கடுத்தவர் ஒன்றரை. இப்படியே இறங்கி இறங்கி, போன வருஷம் ஐம்பத்தைந்து, இந்த வருஷம் ஐம்பது. ஒரு தடவைகூட ஏறவில்லை. மழை பெய்த வருஷத்திலும் ஏறவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்த வழி பாதிக்கும் கீழே சுருங்கிப் போயிருந்தது.

“பாறை தேஞ்சு போச்சா மாமா?”

மாமாவின் சிரிப்பு நின்றது.

“இத்தனை வருஷத்துல ஒரு ஆளுக்காவது கால் நனைஞ்சிருக்கா?” முதலாளி குரலை உயர்த்தினார். “நாலு எழுத்துப் படிச்சிட்டா கடலைப் பத்தியும் தெரிஞ்சிடுமா? நீ அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கியா?”

“அனுப்புங்கன்னு மூணு தடவை கேட்டேன். உனக்கு மேசை வேலைதான்னு சொன்னது நீங்க.” அவளுக்குக் காது சூடேறியது. “இதுவரைக்கும் ஏன் கால் நனையலைன்னும் சொல்றேன். எல்லாத் தடவையும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் போயிருக்கீங்க. அப்போ தண்ணி ரொம்ப தூரம் உள்ள போகும். மூணு மணி நேரம் வழி திறந்திருக்கும். அம்பதுன்னு எழுதிட்டு ரெண்டு மணி நேரம் நடந்தாலும் யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை அரை நிலா. அவங்களுக்கு லீவு கிடைக்கிற தேதின்னு நீங்க ஒத்துக்கிட்டீங்க. எழுபது நிமிஷம்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

கீழே யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமா மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச்சைக் கழற்றி, கையில் கொடுக்காமல், மேசைமேல் அவள் பக்கம் தள்ளி விட்டார். அது வழுக்கிக்கொண்டு வந்து தாள்கள்மேல் நின்றது.

“பாத்துக்கோ. உங்கம்மா வளர்ப்பு நல்லா இருக்கு.”

அவள் பொத்தானை அழுத்தி அழுத்திப் போன மாதத்துக்குப் போனாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

“ஒரு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்.”

“கூட்டத்தைக் கூட்டிட்டுப் போனா அப்படித்தான் ஆகும்” என்றார் மாமா.

“கூட்டத்தைக் கூட்டிட்டுப் போறதுக்குத்தானே இந்தத் தாள்? தனியா நீங்க மட்டும் போனா எவ்வளவு ஆகும்?”

“அறுபது. அறுபத்தஞ்சு.”

“அப்புறம் எப்படி அம்பது?”

மாமா முதலாளியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். “போன வருஷம் அந்த நெட்டையன் அம்பத்தஞ்சுன்னு எழுதிட்டுப் போயிருக்கான். நேத்து வந்த பய. அவனுக்கு மேல நான் எழுதுவேனா? எழுதிட்டு நாளைக்கு மத்த கைடுங்க மத்தியில எந்த மூஞ்சியோட நிக்கிறது?”

அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் அழுகையும் கூடவே வந்தது. இந்த மனிதர்தான் அவள் சான்றிதழ்களை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து இந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர். எங்கள் வீட்டில் முதல் முதலாகப் படித்த பெண் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர். கால் உடைந்த ஒரு ஆளை மூன்று கிலோமீட்டர் முதுகில் சுமந்து வந்தவரும் இவரேதான். ஐந்து நிமிடம் கூட்டி எழுதுவதற்குத்தான் இவருக்குத் தெம்பு இல்லை.

“சரி, தெரிஞ்சு போச்சு” என்றாள். “மூணாம் நாள் மட்டும் மேல் ரோட்டு வழியா போயிடலாம். அரை நாள் கூட ஆகும். நான் இப்பவே மாத்தித் தரேன்.”

“மேல லாரி போற ரோடு” என்றார் முதலாளி. “அந்தப் பாறைச்சுவர் படத்தைக் காட்டித்தான் இவங்களை வரவழைச்சிருக்கோம். லாரிக்குப் பின்னால புழுதி தின்னுட்டு நடக்கவா வராங்க? கொஞ்சம் எட்டிப் போட்டு நடக்கச் சொன்னா முடிஞ்சுது. ஹெல்மெட் இருக்கு. கயிறு இருக்கு. காத்து கூட இருக்காரு.”

“கீழ இருக்கிற பதினோரு பேர்ல, டிக்கெட் கவுன்ட்டர்ல வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அம்பத்தாறு வயசு. போன வாரம் எனக்கு போன் பண்ணாங்க. ‘முட்டி கொஞ்சம் மக்கர் பண்ணும்மா, அம்பது நிமிஷம்னா பல்லைக் கடிச்சிட்டு நடந்திடுவேன், அம்பதுதானே?’ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். இந்தத் தாளைப் பாத்துட்டு, நான், என் வாயால.”

“அப்போ அதே வாயை இப்ப மூடிட்டுக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நகரு. உன் மாமாவே போடுவாரு.”

முதலாளி தாளை மாமா பக்கம் நகர்த்தினார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

மாமா உடனே எடுக்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை பின்னால் போய்விடும் என்று ஒரு கணம் நம்பினாள். எத்தனை பெரிய பாறையில் பிடி தேடிய கை. அது பேனாவை எடுத்தது.

“நான் கூட்டிட்டுப் போயிடுவேன்” என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். “எனக்குத் தெரியாத பாறையா?”

கையெழுத்துப் போட்டார்.

அவள் ஒன்பது தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓரம் சேராமல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றது; அதைத் தட்டிச் சரிசெய்தாள். நாற்காலியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்க போறே?” என்றார் முதலாளி.

“கீழே.”

“கீழ உனக்கென்ன வேலை? அவங்ககிட்ட பேச வேண்டியது உன் மாமா.”

“அவர் பேசட்டும். நான் பேசினதுக்கப்புறம் பேசட்டும்.”

“அந்தப் படியில கால் வச்சா உனக்கு இங்க வேலை கிடையாது. புரியுதா?”

“புரியுது.”

மாமா எழுந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றார். அவ்வளவு கிட்டத்தில் அவர் முகம் வெயிலில் கிடந்த தோல் மாதிரி இருந்தது. குரல் தணிந்தது. “ஊர் முன்னால என்னை அசிங்கப்படுத்தாதே. உங்கம்மா கேட்டா நான் என்ன சொல்றது?”

“நடந்ததைச் சொல்லுங்க மாமா. அதுலயும் அஞ்சு நிமிஷம் குறைச்சிடாதீங்க.”

அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை. பிறகு, தோளோடு தோள் உரசும்படி அவரைக் கடந்து கதவைத் திறந்தாள். கூடத்துச் சத்தம் மொத்தமாக மேலே ஏறி வந்தது. பின்னால் முதலாளி என்னவோ சொன்னார். தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதல் படியில் கால் வைத்தாள்.