இடது பக்க அளவு

கண் விழித்ததும் நான் முதலில் தேடியது வலியைத்தான். இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி, மார்பையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக் காலையில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது மதியம் இரண்டு மணி. நெஞ்சைச் சுற்றிப் பெரிய கட்டு, விலாப்பக்கம் ஒரு குழாய், குழாயில் ரத்தம். எல்லாம் இருந்தது, வலியைத்தான் காணோம்.

கத்தரிக்கோல் லேசாக விரலில் பட்டாலே உயிர் போகிறது. ஒரு மார்பை எடுத்தால் வலிக்காமல் இருக்குமா? திறந்து பார்த்துவிட்டு எடுக்காமலே மூடிவிட்டார்களோ?

அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. வயிற்றைத் திறந்து பார்த்து, முற்றிவிட்டது என்று தெரிந்து, எதையும் தொடாமல் தைத்து மூடிவிட்டார்கள். கட்டியை எடுத்தாச்சு என்று அவளிடம் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னோம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

அதே சிரிப்போடு என் கணவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தினம் மூன்று தடவையாவது என்மேல் எரிந்து விழாவிட்டால் சாப்பிட்டது செரிக்காத மனிதர், என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டாங்களா?" என்றேன்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. நீ தூங்கு."

எதற்கு இரண்டு தடவை சொல்கிறார்?

நாத்தனாரைப் பார்த்தேன். என் தையற்கடையில் நான் அளவெடுத்துச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுகிறவள். வாய் மூடத் தெரியாதவள் இன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

இருப்புக்கொள்ளவில்லை. தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னேன். தண்ணீர் கேட்டேன், வந்ததும் வேண்டாமென்றேன். மணி கேட்டேன், சொன்னால் நம்பவில்லை. அரைமணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து நின்றாள்.

"வலி பத்துக்கு எவ்வளவும்மா?"

"சைபர்."

"சூப்பர்!" என்று எழுதிக்கொண்டு போனாள். நான்காவது சூப்பருக்கு நான் கத்திவிட்டேன். "யாராவது ஒருத்தர் எங்கிட்ட உண்மையைச் சொல்லுங்க!"

மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும்தான் நேற்று நடந்தது ஞாபகம் வந்தது. கோட்டின் இடது கையை எவனோ திருகலாக வைத்துத் தைத்திருந்தான். டாக்டரம்மா பத்து நிமிடம் ஏதோ விளக்கினார். நான் அந்தக் கையைப் பிரித்து எப்படித் திருப்பி வைப்பது என்று யோசித்தபடியே 'ம், ம்' என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"நேத்தே சொன்னேனேம்மா. ஸ்கேன்ல பாத்து, மார்புக்கு வர்ற நரம்புங்க பக்கத்துல மரத்துப்போற மருந்து போடுவோம், நாளைக்குக் காலை வரைக்கும் பெருசா வலி தெரியாதுன்னு. தலையாட்டினீங்களே?"

"உங்க கோட்டைப் பாத்துட்டிருந்தேன், டாக்டர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு ஐஸ்கட்டி வாங்கிவரச் சொன்னார். வலது பக்கம் வைத்தபோது துள்ளினேன். இடது பக்கம் கட்டின் ஓரமாக வைத்தபோது ஏதோ தொடுகிற மாதிரி இருந்தது, குளிரவே இல்லை. மருந்து போட்டது உண்மைதான். ஆனால் மூடித் தைத்துவிட்டுக்கூட மருந்து போடலாமே! கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன்.

"சர்ஜன் நாளைக்குத்தான் கட்டைப் பிரிப்பார்" என்றார் டாக்டரம்மா.

"பிரிக்க வேணாம்" என்றேன். நாத்தனார் பக்கம் திரும்பினேன். "டேப்பை எடுடி."

அவள் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், டாக்டரம்மா கையமர்த்தினார். என்னை மெதுவாக நிமிர்த்தி உட்காரவைத்தார்கள்.

"தோள்ல இருந்து மார்பு மேல வழியா இடுப்பு வரைக்கும். முதல்ல வலது."

"பதினஞ்சரை, அண்ணி."

ஆபரேஷனுக்கு முதல்நாள் கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் நானே அளந்திருந்தேன். இரண்டும் பதினைந்தரை.

"இப்ப இடது. பஞ்சு கனத்துக்கு அரை இஞ்ச் கழிச்சுச் சொல்லு."

டேப் இறங்குவதை என் தோலில் உணர முடியவில்லை, அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை நின்றது. இருபது வருடமாக நான் சொன்ன எண்ணை எல்லாம் கடகடவென்று எழுதியவளுக்கு ஓர் எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லுடி."

"பதிமூணரை."

டேப் பொய் சொல்லாது. எடுத்துவிட்டார்கள், நிஜமாகவே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததிலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சு வெளியே வந்தது. அடுத்த மூச்சிலேயே, இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த என் மார்பு இனி இல்லை என்பதும் உறைத்தது. பெருங்குரலெடுத்து அழுதேன். நர்ஸ் ஓடிவந்து, "வலிக்குதாம்மா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். நாத்தனார் அழுதுகொண்டே டேப்பைச் சுருட்டினாள்.

"நோட்டுல எழுதிக்கோ" என்றேன். "இனிமே என் அளவு அதுதான்."