இரட்டைப் பலகைக் கூண்டு

பிலோமிக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரம் பேசும், அப்புறம்தான் அவள் பேசுவாள். அன்று காலை ராயபுரத்தில் அந்தச் சந்து முழுக்கப் பாத்திரச் சத்தம். முட்டை போட உட்கார்ந்த சிவப்புக் கோழி உட்கார்ந்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். கையில் கனமே இல்லை. கொண்டை வெளுத்துப் போய், உடம்பில் ரத்தமே இல்லாத மாதிரி இருந்தது.

"மருந்து குடுத்தோமே, இன்னும் இன்னாதான் செய்யறது?" என்று வாசலில் நின்ற புருஷன் அம்புரோஸைப் பார்த்துக் கத்தினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன மனிதர், பாவம், அவரிடம் மட்டும் பதில் இருக்குமா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார்.

மிச்சம் இருந்தவற்றில் ஒன்று மேடம். வெள்ளைக் கோழி. யாரையும் மதிக்காமல், ஆபீசுக்கு லேட்டாக வரும் பெரிய அதிகாரி மாதிரி நடக்கும். அதற்கு அந்தப் பெயரை வைத்தவன் பிலோமியின் ஒரே மகன் நோயல். குஞ்சாக இருந்தபோது சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தவனும் அவன்தான். அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்டெய்னர் யார்டில் வேலை முடிந்து சாப்பாட்டுக்கு வந்தவன், எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லருக்கு அடியில் பைக்கோடு போய்விட்டான். அன்று வீட்டில் வஞ்சிரக் குழம்பு. அதற்கப்புறம் அவள் வஞ்சிரம் வாங்கவே இல்லை.

அந்தக் கூண்டையும் அவன்தான் செய்தான். மிக்ஜாம் புயலில் பழைய கம்பிக் கூண்டிலிருந்த கோழிகள் நனைந்து, விறைத்துச் செத்தன. அம்மா அழுததைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டு வரும் பலகைகளை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் ஆணி அடித்தான். "ஒரு பலகை போதாதாடா?" என்று அப்பா கேட்டதற்கு, "சாரல் உள்ள இறங்கும் நைனா. ரெண்டு பலகையா அடிச்சா குளிரும் தாங்கும்" என்றான். அம்மாவுக்கு இடுப்பு வலி. குனியாமல் முட்டை எடுக்கட்டும் என்று கதவை அவள் இடுப்பு உயரத்துக்கு வைத்தான். இப்போதெல்லாம் தினமும் காலையில் பிலோமி அந்தக் கதவில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். கல்லறைக்கு மாசத்துக்கு ஒருமுறைதான் போவாள். அவளுக்கு மகன் இருந்த இடம் இதுதான்.

கோழிகளுக்கு என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. பூச்சி மருந்து ஊற்றினாள். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து இறக்கைக்கு அடியில் தடவினாள். புகையிலை ஊறிய தண்ணீரில் முக்கி எடுத்தாள். கொஞ்ச நாள் தேறும், திரும்பவும் சோர்ந்து உட்காரும். இதில் ஒரு கூத்து வேறு: பொழுது சாய்ந்தால் ஒன்றுகூடக் கூண்டுக்குள் போகாது. மதில்மேல் ஏறி நின்றுகொள்ளும். பிலோமி ஒவ்வொன்றாகப் பிடித்து, "எம்புள்ள உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்துக் கட்டிகீறான், திமிரா ஒங்களுக்கு?" என்று திட்டி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

கடைசியில் மேடத்தை வயர் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதி என்ற இளவயது டாக்டரம்மா இறக்கையை விரித்துப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. இது செல்லு. பேன் மாதிரி, அதைவிடப் பொடிசு. ஆனா கோழி மேல குடியிருக்காது. பகல்ல மரத்து இடுக்குல ஒளிஞ்சுக்கும், இருட்டினா வந்து ரத்தம் குடிச்சிட்டுத் திரும்பிப் போயிடும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டுப் பிரயோஜனமில்ல. சாயங்காலம் உள்ள போக அடம் பண்ணுதா?"

"ஆமாம்மா" என்றாள் பிலோமி. தினமும் பிடித்துத் தள்ளிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டு எப்படிக் கட்டினது என்று டாக்டர் கேட்டதும் சொன்னாள். "சுவர் ரெட்டைப் பலகையா? அப்போ மருந்து நடுவுல இறங்குறது கஷ்டம். எரிச்சிடுங்கம்மா. அப்புறம் ஒரு தொட்டியில மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து வைங்க. கோழி அதுல புரண்டு குளிக்கும், மேல இருக்கிற பேனும் போகும்."

"சாம்பலுக்கு எங்க போறது? தெரு முச்சூடும் கேஸு" என்றாள் பிலோமி. எரிக்கச் சொன்னது காதில் விழாத மாதிரியே, கூண்டுக்கு அடிக்கிற மருந்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் அம்புரோஸிடமும் மருந்தைப் பற்றித்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் கோழி நிற்கும் கட்டைக்கு அடியில் பழைய தலையணை உறை ஒன்றை விரித்தாள். காலையில் அதில் சிவப்புப் புள்ளிகள், தேய்த்தால் ரத்தமாக இழுபட்டன. அவர் பார்ப்பதற்குள் துவைத்துப் போட்டுவிட்டாள். அண்டா அண்டாவாகச் சுடுதண்ணீர் காய்ச்சி ஊற்றினாள். டாக்டர் கொடுத்த மருந்தை இடுக்கு இடுக்காக அடித்தாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் இன்னொரு கோழி செத்தது.

அடுத்த சாயங்காலம் மற்றவற்றைக் கூண்டுக்குள் தள்ளியாயிற்று, மதில்மேல் மேடம் மட்டும் உட்கார்ந்திருந்தது. பிடிக்கப் போனால் கொத்தி, குதித்து, ஊரைக் கூட்டும் கோழி அது. அன்று பிலோமி கை வைத்ததும் அப்படியே சாய்ந்தது. கழுத்தைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. நெஞ்சோடு அணைத்தாள். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், கடப்பாரைய எடுத்துனு வாய்யா" என்று கூப்பிட்டாள்.

"இன்னாமே? எதுக்கு?"

டாக்டர் சொன்னதையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். அம்புரோஸ் கூண்டையே பார்த்தபடி நின்றார். "இன்னொரு தபா சுடுதண்ணி ஊத்திப் பாப்போமா?" என்றார். அவருக்கும் அது மகன்தானே.

"வேணாம். இதுங்க சாவட்டும்னா அவன் கட்னான்?"

அன்றைக்கு மேடமும் மிச்சக் கோழிகளும் சமையல்கட்டில் படுத்தன. விடிந்ததும் அம்புரோஸ் கடப்பாரையை இடுக்கில் விட்டு வெளிப்பலகையை நெம்பினார். உள்ளே இருந்ததைப் பார்த்து இருவரும் பின்வாங்கினார்கள். துருப்பொடி மாதிரி அப்பிக் கிடந்தது, வெயில் பட்டதும் நெளிந்தது. சாரல் இறங்காமலிருக்க நோயல் பார்த்துப் பார்த்து விட்ட அந்த இடைவெளியில்தான் அத்தனையும் குடியிருந்தது.

"அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான்" என்றாள் பிலோமி.

"ஆமாமே. நல்லதுக்குத்தான்."

புகை எழுந்ததும் மாடி வீட்டு ஜானட் திட்டுவதற்கென்றே ஜன்னலைத் திறந்தாள். என்ன எரிகிறது என்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். எல்லாம் போட்ட பிறகும் கதவை மட்டும் பிலோமி கையில் வைத்திருந்தாள். "இத்த மட்டும் வெச்சிக்கறேனே" என்று புருஷனிடம் கெஞ்சினாள். அவர் குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். தானாகவே அதைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். கீல் இடுக்கிலிருந்து சிவப்பாக உதிர்ந்தது. தன் கையாலேயே அதையும் நெருப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை சாம்பல் ஆறியிருந்தது. அள்ளி நோயல் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பிலோமி உள்ளே போய், எவர்சில்வர் டப்பா ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் மேடம் சமையல்கட்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்து, சாம்பலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது. காலால் கிளறி, இறக்கையை விரித்து, வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டது. நாலு பக்கமும் தெறித்தது. மற்ற கோழிகளும் வந்து இறங்கின.

பிலோமி "சூ" என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை.

"வெரட்டவா?" என்றார் அம்புரோஸ்.

"வாணாம், வுடு. அதுங்களுக்காகத்தானே செஞ்சான்."

டப்பாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மேடம் சிலிர்த்து உதறியது. பறந்து வந்த சாம்பல் அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.