கடைசி வெட்டு

மருந்துக் குப்பியின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டுவோம். எத்தனை வேளையோ அத்தனை வெட்டு அதில் இருக்கும்; மருந்து ஒரு வெட்டு இறங்கினால் ஒரு வேளை. மிஷன் ஆஸ்பத்திரியில் நானும் ராஜமணியும் ஒரே மேசையில் நின்று ஒட்டியவை ஆயிரம் இருக்கும். பட்டை வெட்டும்போது பாவி மனுஷன் நாக்கை மடித்துக் கடிப்பார். ஓரத்தில் ஒரு கோணப்பல் தெரியும். அதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன்.

நாற்பத்தேழில் பார்மசி படிக்க மெட்ராஸ் போனார். முடித்து வந்ததும் எங்களுக்கு நிச்சயம் நடந்தது. கல்யாணத்துக்குள் சீமையில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஐம்பத்தொன்றில் கப்பலேறுவதற்கு முன், ஓமத்திரவம் நிறைத்த ஒரு குப்பியை என் கையில் தந்தார்.

"அஞ்சு வெட்டு போட்டிருக்கேன், நேசம். கிறிஸ்மசுக்கு ஒண்ணு வச்சுக் குடி. தீரும்போ நான் வந்து நிப்பேன்."

நான்கு குடித்தாயிற்று. ஐந்தாவதுக்குப் பத்து நாள் இருக்கையில் கடிதம் வந்தது. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாராம். இனி அமெரிக்காவில் இரண்டு வருஷம் மேல் ஆராய்ச்சியாம். பெற்றவர் சாயல் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று உயிரணுவுக்குள் தேடப்போகிறாராம். இன்னும் இரண்டு வெட்டு போட்டுக்கொள் என்று எழுதியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயல் இறங்குவதைப் பார்க்க அமெரிக்கா வரை போகணுமா? காலாகாலத்தில் வந்து தாலி கட்டியிருந்தால் அந்தக் கோணப்பல்லை நானே பெற்றுக் காட்டியிருப்பேனே. எனக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது.

அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு, என்னைப் பெண் கேட்டிருந்த குளச்சல் வாத்தியார் வீட்டு விஷயத்தை எடுத்தார்.

"அவ்வொ இன்னும் காத்துட்டுதான் இருக்காவ, மக்களே. என்ன சொல்லட்டு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றே ராஜமணிக்குப் பதில் எழுதினேன். குப்பி தீர்ந்துவிட்டது, கழுவி ஒரு இருமல்காரிக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். வெட்டே போடாத ஒரு பட்டையை உறைக்குள் வைத்து, எத்தனை வேண்டுமோ நீங்களே வெட்டி உங்கள் குப்பியில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தேன். அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டே தபாலில் போட்டேன்.

கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். துணிக்கு அடியில் குப்பி இருந்தது. அதில் ஒரு வேளை மருந்து கிடந்தது. தக்கையைத் திறந்து மோந்து பார்த்தேன். வாசனை போகவில்லை. இறுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வாத்தியார் வீட்டில் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"குப்பி தீந்து போச்சுன்னுல்லா எழுதின?"

"குடிச்சாத்தான தீரும்," என்றேன்.