மூன்று நாள் பிந்தும் சத்தம்

வெள்ளைக்காரர் ஊரான செவன் ஹில்ஸில் மாலி சுட்ட அப்பத்தை இன்று கடித்தால், அதன் மொறுமொறுச் சத்தம் மூன்று நாள் கழித்து, அதே மணிக்கு, கடித்தவன் வாயிலிருந்து கேட்கும். இது எழுபத்தைந்தாம் ஆண்டில் தொடங்கியது. நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்களும் தின்றார்கள், அவர்கள் வாயும் நொறுங்கியது.

மாலி தாய்லாந்துக்காரி. வெள்ளைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்து, அவன் விட்டுப்போனதும் குழாய் ஆலை வாசலில் அடுப்பு வைத்தாள். காலை பத்து மணி இடைவேளைக்கு ஆட்கள் வெளியே வருவார்கள். அரிசி மாவும் பயற்றம் மாவும் கரைத்து, சூடான தட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிரட்டைத் துண்டால் இழுத்து, சீனி போட்டு அடித்த முட்டை வெள்ளையைத் தடவி, தேங்காய்ப்பூ தூவி, ஒரே கடியில் முடிகிற அளவுக்கு மடித்துக் கொடுப்பாள். முதலில் அது ஈரத்துணி போலத் துவண்டது. சுண்ணாம்புத் தெளிவு சேர்த்தால்தான் மொறுக்கும், இந்த ஊரில் தின்கிற சுண்ணாம்புக்கு எங்கே போவேன் என்றாள். ஆலையில் வேலை செய்த விக்னராஜாவிடம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது வெற்றிலைக்கென்று ஒரு தகரப் பேணி நிறையக் கொண்டுவந்திருந்தார். வெற்றிலைதான் இங்கே கிடைக்கவில்லை. தினம் ஒரு சிட்டிகை கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பம் விறைத்தது. சத்தம் மட்டும் அன்றைக்கு வரவில்லை. கூட வேலை செய்த தேவராஜா, சுண்ணாம்பு இன்னும் யாழ்ப்பாண நேரத்தில் இருக்கிறது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசம் நாலரை மணித்தியாலம்தான், மூன்று நாளில்லை. படித்தவர்கள் இப்படித்தான், யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். ஆலை நர்ஸ் ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்து, பல்லைத் தவிர எதுவும் இல்லை என்று எழுதினாள்.

விக்னராஜாவுக்குச் சீனி வருத்தம். மனைவி இராஜேஸ்வரி தேத்தண்ணிக்கே சீனி கொடுப்பதில்லை. ஒரு வியாழக்கிழமை திருட்டுத்தனமாக நாலு அப்பம் தின்றார். ஞாயிறு பத்து மணிக்குக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நாலு முறை நொறுங்கியது.

"இஞ்சேருங்கோ, வாயில என்ன?"

"பல்லு."

"நாலு பல்லோ?"

விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாப் பல்லும் இருந்தன. சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். இனி இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேளாது என்று அவர் சத்தியம் செய்தார், அதைக் காப்பாற்றவும் செய்தார். புதனும் வியாழனும் அப்பத்தைத் தொடவில்லை. மற்ற மூன்று நாளும் நாலு நாலாகத் தின்றார். அந்தச் சத்தமெல்லாம் வேலை நாளில், ஆலை வாசலில், மற்றவர்கள் வாய்ச் சத்தத்தோடு கலந்து போயிற்று. இரண்டு வருஷம் இராஜேஸ்வரி சனி ஞாயிறு பத்து மணிக்குக் கைவேலையைப் போட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தின்கிறாரா இல்லையா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. ஒன்றும் கேட்காததால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எழுபத்தேழில் ஒரு செவ்வாய் இரவு விக்னராஜா மாரடைப்பில் போனார். வெள்ளிக்கிழமை காலை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இராஜேஸ்வரி வாய்க்கரிசி போடக் கையை நீட்டியபோது பத்து மணி. அவர் வாய் நொறுங்கியது. மந்திரம் நின்றது. இரண்டு. மூன்று. ஐயர் அரிசியைப் போடும்படி சைகை காட்டினார்.

"பொறுங்கோ ஐயா, இன்னும் ஒண்டு கிடக்கு" என்றாள்.

நாலாவதும் நொறுங்கியது. பிறகு போட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வந்த புதன்கிழமை காலையிலேயே ஆலை வாசலுக்குப் போனாள். சுண்ணாம்பில்லாமல் மாலியின் அப்பம் மறுபடி துவண்டு கிடந்தது. இராஜேஸ்வரி மிச்சச் சுண்ணாம்பைப் பேணியோடு அவள் கையில் கொடுத்து, கரைத்துத் தெளியும்வரை நின்று, பத்து மணிக்கு நாலு வாங்கித் தின்றாள். சனிக்கிழமை பத்து மணிக்கு அவருடைய கதிரையில் உட்கார்ந்தாள். நாலும் கேட்டது. எழுந்துபோய் உலை வைத்தாள்.