முப்பத்தெட்டை அடிங்க

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி தன் தாளில் முப்பத்தெட்டு என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பலகைப் பட்டறையில் தேய்க்கும் மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் மாவு மாதிரி மரத்தூள் ஒட்டியது. அம்மா துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதிகாரியே இரண்டு தடவை தும்மினார். தும்மி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசியை அளக்க நான் செய்த பெட்டியின் சின்னத் திரையை எட்டிப் பார்த்து, முப்பத்தெட்டு என்று எழுதினார்.

"நூறைத் தாண்டினாத்தான் சின்னவளுக்கு இழுக்குதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார் அம்மாவிடம்.

கூடவே பட்டறை மேனேஜரும் வந்திருந்தார். "நான் அப்பவே சொன்னேனே சார். அவங்க வீட்டுப் பெட்டியே நமக்குச் சாட்சி சொல்லுது." என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் செஞ்சிருக்க பாப்பா. எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடு, வாசல்ல மாட்டி வைக்கிறேன்."

 கோபம் வந்தால் எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். சாவி எங்கே போனது என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அக்கா என்னைக் கூப்பிடுவதே 'மியூட்' என்றுதான்.

"ஆபீஸ்ல தூசி அளக்குற மெஷின் ரிப்பேர்ல கிடக்கு. அதனாலதான் உங்க பெட்டியைப் பார்த்தேன்," என்றார் அதிகாரி. "அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடைசியா ஒரு தடவை வரேன். அப்பவும் இதே கதைன்னா புகாரை மூடிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அவர்கள் போன பிறகு உள்ளறையிலிருந்து குட்டி கேட்டாள், "மூக்கு என்ன சொல்லிச்சு?" அவளுக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்துக்கொண்டுதான் கேட்டாள்.

"பொய் சொல்லிச்சு," என்றேன்.

மூக்கு என்பது அந்தப் பெட்டி. நான் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன பிளாஸ்டிக் டப்பா. பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டதால் டப்பா சும்மா கிடந்தது. அப்பா லாரியில் போனால் பத்து நாள் கழித்து வருவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணிகளை இஸ்திரி போடும் வேலை. அக்காவுக்கு செல்போன் ரிப்பேர் கடை. குட்டிக்கு இழுப்பு வரும்போது மருந்துப் புகை விடும் நெபுலைசரை அவள் முகத்தில் வைத்துப் பிடிக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பட்டறைக்காரன் தேய்க்கிற மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய வருடம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

டப்பாவின் பக்கத்தில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார். அதில் விரல்நுனி அளவு விசிறி ஒன்று காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றில் எவ்வளவு தூசி என்று லேசர் வெளிச்சம் எண்ணும். எண்ணிக்கை திரையில் வரும். கம்பிகளைச் சால்டர் வைத்து ஒட்டியது அக்கா. பேர் வைத்தது குட்டி.

அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக்கூட அவிழ்க்கவில்லை, நான் டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

"உன் சென்சார் செத்துப்போச்சு."

"என் சென்சாரா? வாங்கும்போது நம்ம சென்சார், வேலை செய்யலைன்னா என் சென்சாரா?" ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி அணைத்து, புகையை ஓட்டையருகே காட்டினாள். எண் அறுநூற்றுக்கு ஏறியது. "பாரு. உன்னைவிட நல்லாவே மோப்பம் பிடிக்குது."

"இப்பப் பிடிக்குது. அவங்க முன்னால பிடிக்கலையே."

"ஆபீசரைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும். வளர்ப்பு அப்படி."

நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே மறுபடியும் வாங்கித் திறந்தாள். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தாள். ஒரு சால்டரைக் கலைத்து மறுபடி வைத்தாள். சென்சாரின் வாயைப் பிரஷ்ஷால் துடைத்தாள். காகிதம், புகை, அறுநூறு. எல்லாம் சரி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் மூக்கு நாற்பது காட்டியது.

அதுதான் எங்களைப் பிடித்த பீடை. மெஷின் ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஓடும். அக்கா எட்டரைக்குப் போனால் ஏழுக்குத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கும் லீவு, பட்டறைக்கும் லீவு. அக்கா வீட்டில் இருக்கும்போது மூக்கு ஒழுங்காக இருக்கும். மெஷின் ஓடும்போது பொய் சொல்லும். நான் சொன்னதை அவள் ஒருநாள்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

"வெயில்ல வச்சிருப்ப."

"வைக்கலை."

"தண்ணி தெளிச்சிருப்ப."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"அப்ப பட்டறைக்காரன் தூசியே விடலை போல," என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மேனேஜர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அவளுக்கு அது தெரிய ஒரு நாள் ஆனது. நான் பேசாவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது.

என் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எட்டே முக்கால், நூற்றுப்பத்து. ஒன்பது, நூற்றுநாற்பது. ஒன்பது ஐந்து, எழுபது. ஒன்பது பத்து, நாற்பத்தொன்று. மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது இருநூற்றைம்பது. மறுபடி ஓட்டியதும் நாற்பது. எழுத எழுத எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் ஓடும்போது காற்று சுத்தம், நின்றால் அழுக்கு என்கிறது என் கையால் செய்த பெட்டி. இந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேனேஜர் கண்ணாடி போட்டு மாட்டிவைப்பார்.

வெள்ளிக்கிழமை குட்டி பள்ளிக்கூடம் போகவில்லை. இழுப்பு. அம்மாவும் நேரம் கழித்துத்தான் கிளம்பினாள். சமையலறையில் டிபன் கட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"கண்ணடிச்சிட்டான்டி, ஜன்னலைச் சாத்து."

இது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற வார்த்தை. சமையலறையில் இன்னும் பழைய குண்டு பல்புதான். அந்தப் பக்கம் மெஷினைப் போட்டதும் பல்பு ஒரு முறை கண்ணடிக்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல அரைக்கண்ணோடு எரியும். பட்டறை முதலாளி எங்கள் அம்மாவைப் பார்த்துக் கண்ணடிக்கிறான் என்று அப்பாதான் முதலில் கேலி செய்தார். அப்புறம் அது கேலியாக இல்லாமல் மணி அடிப்பதுபோல ஆகிவிட்டது. கண்ணடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், தண்ணீர்ப் பானையை மூட வேண்டும், குட்டியை உள்ளறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான். ஏன் கண்ணடிக்கிறது என்று இரண்டு வருடமாக ஒருத்தரும் யோசித்ததில்லை.

நான் ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினேன். மூக்கு அந்த ஜன்னல் திண்டில்தான் இருந்தது. காதுக்குப் பக்கத்தில் அதன் விசிறி சத்தம் கேட்டது. கொசு பாடுவதுபோல மெல்லிசாக இருந்த சத்தம், அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள் தடித்து, சோம்பலாக, வண்டு முனகுவதுபோல இறங்கிவிட்டது.

நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

கரண்ட் அளக்கும் அக்காவின் மல்டிமீட்டர் அலமாரியில் இருந்தது. மூக்குக்குக் கரண்ட் வரும் கம்பியில் அதன் இரண்டு முனையையும் வைத்தேன். மூன்று புள்ளி எட்டு. ஐந்து வோல்ட் இருக்க வேண்டும். மத்தியானம் மெஷின் நின்றதும் மறுபடி வைத்தேன். ஐந்து புள்ளி ஒன்று. ஓட்டினார்கள். மூன்று புள்ளி எட்டு.

விசிறி மெதுவாகச் சுற்றினால் காற்று உள்ளே வராது. காற்று வராவிட்டால் தூசி வராது. தூசி வராவிட்டால் முப்பத்தெட்டு.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை.  எங்கள் காற்றில் தூசியைக் கொட்டுகிறான். அதே மோட்டாரால் எங்கள் கரண்டையும் உறிஞ்சுகிறான். அதனால் எங்கள் மூக்கும் அடைத்துப்போய் அவனுக்கே நற்சான்று கொடுக்கிறது. இதில் பல்பு வேறு தினமும் எனக்குக் கண்ணடித்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா வந்ததும் மூக்கின் அடாப்டரை அவள் மடியில் போட்டேன். கடையின் பழைய சாமான் டப்பாவிலிருந்து அவள் கொண்டுவந்தது. செங்கல் மாதிரி கனக்கும்.

"இதை எதுக்கு மடியில போடுற? கால் போயிடும்."

"கனமா இருக்குல்ல?"

"கனமா இருந்தா நல்ல சாமான்னு அர்த்தம். இந்தக் காலத்துது எல்லாம் தக்கை."

நான் நோட்டை நீட்டினேன். மீட்டர் எண்களைப் படித்தாள். முதல் தடவை வேகமாக, இரண்டாவது தடவை மெதுவாக. அக்காவுக்கு முகம் மாறியது.

"உள்ள வெறும் செம்புக் கம்பிச் சுத்து," என்றாள் அடாப்டரைக் கையில் தூக்கிப் பார்த்து. "வீட்டுக் கரண்ட் குறைஞ்சா இதுவும் கூடவே குறையும். தக்கையா இருக்கிற புது அடாப்டர்னா சமாளிச்சிருக்கும்." அடாப்டரைத் தரையில் வைத்தாள். "கனமா இருந்தா நல்லதுன்னு எந்தக் கழுதை சொல்லிச்சு?"

"இப்பத்தான், ஒரு நிமிஷம் முன்னால."

"சரி, சரி. மியூட் இன்னைக்கு ரொம்பப் பேசுது." பையிலிருந்து தன் பவர்பேங்கை எடுத்து என் கையில் வைத்தாள். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் இது உன்னோடது. நாலு நாள் என் போன் செத்தா உலகம் அழியாது."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். மேனேஜரும் பல் குத்திக்கொண்டே வந்தார். அம்மா அரை நாள் லீவு போட்டிருந்தாள். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பவர்பேங்கில் மூக்கின் விசிறி கொசுவாகப் பாடியது. திரையில் நானூற்று முப்பத்தொன்று.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "பெட்டியை மாத்திட்டாங்க சார்."

"அதே பெட்டிதாங்க," என்றாள் அம்மா.

அதிகாரி தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், மூடினார். "இதை நான் எழுத முடியாதும்மா. வீட்டுல டப்பாவுல செஞ்சது. இதெல்லாம் பதிவுல ஏறாது."

நான் எட்டிப் பார்த்தேன். அந்தத் தாளின் மேல் வரியில் அவர் கையெழுத்திலேயே முப்பத்தெட்டு என்று இருந்தது. நீல மையில், கீழே கோடு போட்டு.

"அப்ப அடிங்க," என்றேன்.

மேனேஜர் ஓர் அடி பின்னால் போனார். அதிகாரி, "யாரைம்மா?" என்றார்.

"முப்பத்தெட்டை. அதுவும் இந்த டப்பா காட்டினதுதான். அது ஏறும், இது ஏறாதா? ஒண்ணு ரெண்டையும் எழுதுங்க. இல்ல, அதையும் அடிங்க."

அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

"பாப்பா, பெரியவங்க பேசும்போது..." என்று ஆரம்பித்தார் மேனேஜர். நான் பவர்பேங்கைப் பிடுங்கிவிட்டு அந்தச் செங்கல் அடாப்டரைச் சொருகினேன். விசிறி முனகியது. எண் இறங்க ஆரம்பித்தது. முந்நூறு. நூற்றெண்பது. தொண்ணூறு. நாற்பத்து நான்கு.  அதிகாரி தும்மினார்.

"தூசி போயிடுச்சா சார்?" என்றேன்.

 அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அரைக்கண் பல்பைக் காட்டினேன். மீட்டரைக் காட்டினேன். என் நோட்டைக் காட்டவில்லை. அதில் வேறு விஷயங்களும் இருந்தன. எண்களை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன்.

அவர் அந்தத் தாளைத் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். பிறகு முப்பத்தெட்டின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதப் போனார்.

"கருவியில கோளாறு இல்லை. பட்டறை மோட்டார் ஓடும்போது வீட்டுக்குக் கரண்ட் குறையுதுன்னு எழுதுங்க."

"அது வேற துறைம்மா."

"காரணம் அதுதானே சார். வேற துறைக்கு வேற காரணமா?"

மேனேஜர், "சார், நேரமாகுது," என்றார். அவரைப் பார்த்து அதிகாரி முதல் தடவையாக எரிச்சல்பட்டார். "இருய்யா." அப்புறம் நான் சொன்னதையே கொஞ்சம் சுருக்கி எழுதினார். தலைமை ஆபீஸிலிருந்து மெஷின் வரவழைத்து நேரில் அளக்க வேண்டும், புகார் முடிக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க மெஷினை எந்த பிளக்குல சொருகுவீங்க?" என்றேன்.

"இங்கதான், உங்க வீட்..." நிறுத்திக்கொண்டார். மறுபடி பேனாவைத் திறந்து 'பேட்டரியில்' என்று சேர்த்தார். "எத்தனாவது படிக்கிற?"

"படிக்கலை. பத்தாவதுல நின்னுட்டேன். தங்கச்சிக்கு இழுக்கும்போது நெபுலைசர் வைக்க வீட்டுல ஆள் வேணும். அதையும் எழுதிக்கிறீங்களா?"

அதை அவர் எழுதவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். மேனேஜர் வாசலில் திரும்பி என்னைப் பார்த்தார். பாப்பா என்று கூப்பிடவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அதன்மேல் அதற்குள் மெல்லிய படலம் விழுந்திருந்தது. அதை விரலால் வழித்து எடுத்துவிட்டுக் குடித்தேன்.

ஐந்து மணிக்கு மெஷின் நின்றது. பல்பு கண்ணை முழுசாகத் திறந்தது. உள்ளறையில் குட்டியின் முகத்தில் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டே, ஜன்னல் திண்டிலிருந்த பெட்டியின் திரையைக் கதவு வழியாகப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. மற்றக் கையால் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன்.