வீரா என்றொரு லேயர்

நூற்று நாற்பத்தாறு பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் வீரய்யாவின் தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது. படித்தவர்கள் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகிற தாள்தான் அது. நாற்பத்தைந்து வயதில் எழுத்தைப் பிடித்தவருக்கோ ஒவ்வொரு பெயரும் ஒரு படிக்கட்டு. விரலை வைத்து, வாயை அசைத்து, ஏறித்தான் ஆக வேண்டும்.

கட்டுகஸ்தோட்டைப் பாதையில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஸ்ரீதரனின் நில அளவை அலுவலகம். முழங்கால் கைவிடும்வரை வீரய்யா அங்கே அளவுக் கம்பு தூக்கினார். இப்போது பிளான் மடிப்பதும் பிரிண்ட் எடுப்பதும்தான் வேலை.

கலகெதரவில் வீடு கட்டிக் கொடுக்கிற கம்பனி ஒன்று அந்த வாரம் பிளான்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. எதைத் திறந்தாலும் எழுத்துரு காணவில்லை என்று ஒரு அறிவிப்பு வருகிறதாம். குப்பை லேயர்கள் வேறு. வெள்ளிக்கிழமைக்குள் அடிப்படைக் கோப்பான டெம்ப்ளேட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம்.

லேயர் என்றால் கண்ணாடித் தாள் மாதிரி. சுவர் ஒரு தாளில், காணி எல்லை ஒரு தாளில் என்று அடுக்கிப் பார்த்தால் முழுப் பிளானும் தெரியும். இந்த அலுவலகத்தில் டெம்ப்ளேட் என்று யாரும் புதிதாகச் செய்ததே கிடையாது. பதினாறு வருசத்துக்கு முந்திய ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பிளானைத் திறப்பார்கள், கண்ணில் படுவதை எல்லாம் அழிப்பார்கள், வேறு பெயரில் சேமிப்பார்கள். கழுவாத சட்டியில் புதுக் குழம்பு வைக்கிற கதைதான். அடியில் பிடித்தது அடியிலேயே கிடந்தது.

புதிதாக வந்த பிரேமிளா பெயர்களை எல்லாம் தாளில் எடுத்து, ஒரு சிவப்புப் பேனையோடு அவரிடம் கொண்டுவந்து வைத்தாள். எது எதற்குப் போட்ட லேயர் என்று தெரிந்த ஆள் இனி அவர் ஒருவர்தான், தேவையில்லாததற்குக் கோடு போட்டுத் தாருங்கள் என்றாள்.

கொழுந்து நிறுக்கிற மடுவம். கோடு. தண்ணீர்ப் பீலி. கோடு. பழைய லய வீடுகள். கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் எழும்பி வந்து நின்றது. அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரம் பூசிய கால்கள், மூன்று பேர் ஒரே பிளாஸ்க் மூடியில் மாறி மாறிக் குடித்த பிளேன்டீ, கூட வேலை செய்த ஜெயராஜின் ஓயாத விடுகதை.

எழுபத்தோராவது பெயரில் பேனை நின்றது. ஆங்கில எழுத்தில் வீரா என்று இருந்தது. அவர் சுற்றும் பார்த்துவிட்டு, கோடு போடாமல் அடுத்த பெயருக்கு இறங்கினார்.

அந்தத் தோட்ட வேலைக்குப் போனது மூன்று பேர். ஜெயராஜ் கருவிக்குள் பார்த்து இலக்கம் சொல்ல, படம் வரைகிற சுபாஜினி எழுதிக்கொள்ள, வீரய்யா தூரத்தில் கம்பைப் பிடித்து நிற்பார். ஒருநாள் காலையில் மூஞ்சி தெரியாத பனி. இலக்கம் தெரியாத மனிதருக்குக் கம்பின் தலை எது, கால் எது? அரை நாள் தலைகீழாகவே பிடித்திருக்கிறார். பனிக்குள் ஜெயராஜுக்கும் அது பிடிபடவில்லை. மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்த சுபாஜினி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"வீரய்யாண்ணே, உங்க புண்ணியத்துல ஓடை மலை ஏறுது."

வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீதரன் அப்போது கோபக்காரர். இலக்கம் தெரியாதவன் கம்பு பிடிக்கிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஜெயராஜ்தான் கருவி பிழை என்று ஒரே போடாகப் போட்டான். கருவி கொழும்புக்குப் போய் வந்தது. வீரய்யாவின் வேலை தப்பியது.

மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கம்பு மூவரின் மடியிலும் நீளமாகக் கிடக்கும். முதலில் இலக்கம் படித்தார், பிறகு எழுத்து. வேலை முடிந்த அன்று சுபாஜினி பிளானுக்கு வெளியே, யாரும் போகாத ஒரு மூலையில் விளையாட்டாக ஒரு படம் போட்டாள். மூன்று பெயர்களையும் வீரய்யாவையே தட்டச் சொன்னாள். ஒற்றை விரலால் அரை மணி நேரம். பிறகு அந்த லேயரை உறையவிட்டாள். உறையவிட்டது திரையில் தெரியாது, உறைவை நீக்காமல் அழித்தாலும் அழியாது.

ஜெயராஜ் செத்து மூன்று வருசம். சுபாஜினி கனடாவில். அந்தப் படத்தை வீரய்யா பிறகு பார்த்ததே இல்லை. ஆனால் உள்ளே இருக்கிறது என்று தெரியும். பிளானை மடிக்கும்போதெல்லாம் தெரியும்.

பின்னேரம் பிரேமிளா அவரைக் கூப்பிட்டாள். லேயர் பதினெட்டாகக் குறைந்திருந்தது. அறிவிப்பு மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"இந்த வீராவுக்கு நீங்க கோடு போடலையேண்ணே. மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

"மறக்கல, பிள்ள."

அவள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். லேயருக்குப் பக்கத்தில் இருந்த பனிப்பூ அடையாளத்தைத் தொட்டதும் உறைவு நீங்கி அது சூரியனாக மாறியது. எங்கோ தொலைவில் ஒரு புள்ளி. அதைப் பெருக்கப் பெருக்க ஒரு சவுக்கு மரம் வந்தது. முக்காலியில் கருவி, குனிந்து பார்க்கிற ஒருவன், கொப்பியோடு ஒருத்தி, அந்தப் பக்கம் கம்போடு ஒருவர். கம்பில் இலக்கங்கள் தலைகீழாக இருந்தன. மூவருக்கும் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தன.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு இப்போது எந்தக் கம்பியூட்டரிலும் இல்லை என்று பிரேமிளா சொன்னாள். காணவில்லை என்று வருகிற அறிவிப்பும் இதனால்தான். பதினாறு வருசமாகக் கண்டியில் இவர்கள் கீறிய ஒவ்வொரு வீட்டுப் பிளானுக்குள்ளும் இந்த மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கம்பு தலைகீழா இருக்கே," என்று பின்னால் ஸ்ரீதரனின் குரல் கேட்டது.

வீரய்யா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். ஸ்ரீதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கருவியில பிழையே இல்லைன்னு கொழும்புக்காரன் ரெண்டு தரம் சொன்னான். நான்தான் அவனோட சண்டை பிடிச்சேன். ஜெயராஜுக்குப் பொய் சொல்ல வராதுன்னு இருந்தேன், பாருங்க."

கீழே பஸ் நடத்துனர் கலகெதர, கலகெதர என்று கூவிக்கொண்டிருந்தான்.

"அழிச்சிரு பிள்ள," என்றார் வீரய்யா. "அதுக்கு முந்தி ஒரு தாள்ல எடுத்துக் குடு. போதும்."

"சின்னத் தாள்ல எடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு ஸ்ரீதரன் உள்ளே போனார். "பெரிய பிளான் தாள்லயே எடுங்க."

பெயர்களைப் புது எழுத்துருவில் தட்டித் தரட்டுமா, கம்பையும் நேராக்கிவிடட்டுமா என்று பிரேமிளா கேட்டாள். இரண்டும் வேண்டாம் என்றார். பிரிண்டரிலிருந்து தாள் மெதுவாக இறங்கியது. அதை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் பாரம் வைத்தார். பிரேமிளா லேயரை அழித்துவிட்டு டெம்ப்ளேட்டை மூடித் திறந்தாள். எந்த அறிவிப்பும் வரவில்லை. அது சத்தமில்லாமல் திறந்ததை வீரய்யா ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தச் சிவப்புப் பேனையாலேயே, புரியாத எழுத்துகளுக்குக் கீழே, ஜெயராஜ் என்று எழுதினார். சுபாஜினி என்று எழுதினார். கடைசியாகக் கம்பு பிடித்தவருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். இந்தத் தடவையும் கிட்டத்தட்ட அரை மணி நேரம் பிடித்தது.